எண்ணூரும் என்னோரும்

நேயர்களுக்கு வணக்கம். நான் எண்ணூர்க்காரன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் பாதிப் பேர் அனல்மின் நிலையத்தைக் கேட்பார்கள், மீதிப் பேர் கன்டெய்னர் லாரிகளை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். இன்னொரு என்னோர் இருக்கிறது. அது கடலுக்கு அடியில்.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி சில்லித் தீவுகள் இருக்கின்றன. பெயரைக் கேட்டு என் மனைவி சில்லி சிக்கனா என்றாள். அங்கே நர்ஸாக இருக்கும் மகள்தான் என்னைக் கூட்டிப்போனாள். பழைய காலத்தில் அங்கே பெரிய தீவு ஒன்று இருந்ததாம். கார்னிஷ் மொழியில் அதற்கு என்னோர் என்று பெயர், நிலம் என்று பொருள். கடல் மெல்ல மெல்ல ஏறித் தாழ்வான பகுதிகளை விழுங்கியது. தப்பிய மேடுகளே இன்றைய தீவுகள். நம் எண்ணூருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை, காதுக்கு மட்டும்தான் ஒற்றுமை.

ஐந்து தீவுகளில் ஆட்கள் வாழ்கிறார்கள், மொத்தம் இரண்டாயிரம் பேர் சொச்சம். தீவுக்கும் தீவுக்கும் நடுவே பாலம் கிடையாது. படகுதான். பெரிய தீவான செயின்ட் மேரிஸில் படகுத்துறைக்குக் காலையில் போனால், கரும்பலகையில் அன்றைய படகுகளைச் சாக்பீஸால் எழுதி வைத்திருப்பார்கள். நேற்றைய நேரம் இன்றைக்குச் செல்லாது. காரணம் ஓதம். நம் சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்குவது பெரும்பாலும் ஒரு மீட்டர்தான். அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஐந்து மீட்டர் வரை போகிறது. காலையில் படகு மிதந்த இடத்தில் மாலையில் பாறையும் பாசியும்தான் இருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிரையர் என்ற தீவில் இறங்கும்போதே, திரும்பும் படகு எந்தத் துறையிலிருந்து என்று படகுக்காரர் சொன்னார். எனக்கு அந்த உச்சரிப்பு பிடிபடவில்லை, சரி என்று தலையாட்டிவிட்டேன். மாலையில் இறங்கிய இடத்திலேயே போய் நின்றேன். தண்ணீர் வற்றியிருந்தது. படகு வேறு துறையில். மகள் என்னைத் தேடிப் பிடித்து, இருவரும் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! திருவொற்றியூரில் பஸ்ஸைத் துரத்தியே பழகிய கால்கள், பிழைத்தேன்.

நன்றாக வற்றும் நாட்களில் படகே வேண்டாம். பிரையருக்கும் டிரெஸ்கோவுக்கும் இடையே கடலடி மணலில் நடந்தே போய்விடலாம். செயின்ட் ஆக்னஸிலிருந்து கியூ என்ற குட்டித் தீவுக்கு மணல்திட்டு ஒன்று உண்டு. ஆனால் நேரம் பார்க்காமல் போனால் அக்கரையில் உட்கார்ந்து கடல் மறுபடி இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது கிக் என்ற ஆறு துடுப்புப் படகு. முன்பெல்லாம், அந்தப் பக்கம் வரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டை அதில் ஏற்றிக்கொண்டு விரைவார்கள். முதலில் போய்ச் சேருபவருக்கே வேலை. அந்தப் பிழைப்பு போய்விட்டாலும் படகை விடவில்லை. 1990 முதல் மே மாதத்தில் அங்கே பெரிய போட்டி நடக்கிறது. நமக்கும் மசூலாப் படகு இருந்தது. துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் தூரத்தில் நிற்க, மூட்டையையும் ஆளையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது அதுதான். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த பலகைகள், மணலில் மோதினாலும் வளைந்து கொடுக்கும். அதை வைத்து ராயபுரத்தில் ஒரு போட்டி நடத்தினால் என்ன என்று அங்கே நின்றபோது தோன்றியது.

சின்னத் தீவுகளில் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. வாரம் முழுக்க செயின்ட் மேரிஸ் விடுதியில் தங்கிப் படித்து, வாரக்கடைசியில் வீடு திரும்புகிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் படகில் ஏறுவதைப் பார்த்தேன். பையை வீசிவிட்டு அரட்டையில் உட்கார்ந்துவிட்டார்கள். படகுக்காரர் எந்தத் துறை என்று உரக்கச் சொன்னார். நான் காதைத் தீட்டிக் கேட்டேன். பிள்ளைகளில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.