ஒரு பானை, ஒரு சேவல், ஒரு பாம்பு

நண்பர்களே, வணக்கம். திரையில் இருக்கும் படத்தை ஒரு நிமிடம் பாருங்கள். இரண்டு பெண்கள், நடுவே பெரிய பானை, தீ. ஒருத்தி சேவலைப் பிடித்திருக்கிறாள், மற்றவள் பாம்பை. இரண்டையும் பானைக்குள் போடுகிறார்கள். மேலே மேகத்திலிருந்து ஆலங்கட்டி கொட்டுகிறது. அந்தப் பெண்களின் உடையைக் கவனியுங்கள். தலையில் துணி, கால்வரை நீண்ட அங்கி. அன்றைய ஜெர்மன் சந்தையில் எந்த வீட்டுப் பெண்ணும் உடுத்தியிருக்கக்கூடியது.

இது 1489இல் உல்ரிக் மோலிட்டர் எழுதிய லத்தீன் நூலில் வந்த மரச்செதுக்குப் படம். மோலிட்டர் கான்ஸ்டன்ஸ் நகரத்துச் சட்ட அறிஞர். சூனியக்காரிகளைப் பற்றிப் படங்களோடு அச்சான முதல் நூல் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

நூல் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். 1485இல் ஹைன்ரிக் கிராமர் என்ற, திருச்சபைக்காக மத விசாரணை நடத்தும் துறவி இன்ஸ்புருக் நகருக்கு வந்து, பல பெண்களைச் சூனியக்காரிகள் என்று பிடித்துப் போட்டார். ஹெலனா ஷொய்பெரின் அவர்களில் ஒருவர். வழக்கு நிற்கவில்லை. கிராமரைக் கிளம்பச் சொன்ன பிஷப் கோல்சர், வயதாகிச் சிறுபிள்ளைத்தனமாகிவிட்டார் என்றே அவரைப் பற்றிக் கடிதத்தில் எழுதினார். கிராமர் போய், சூனியக்காரிகளைத் தேடித் தண்டிக்க வழிசொல்லும், பின்னாளில் பெரும்பழி சுமந்த ‘மல்லியஸ் மலெஃபிகாரம்’ நூலை எழுதினார். அதில் படம் கிடையாது. இந்தக் குழப்பமெல்லாம் நடந்தது, இன்ஸ்புருக் அடங்கிய டிரோல் பகுதியை ஆண்ட சிகிஸ்முண்டின் மண்ணில். அவருக்காகத்தான் மோலிட்டர் எழுதினார்: சிகிஸ்முண்ட், மோலிட்டர், கான்ஸ்டன்ஸ் நகரத்துக் கொன்ராட் ஷாட்ஸ் என்று மூன்று பேர் உட்கார்ந்து பேசும் உரையாடலாக.

இந்தப் பெண்களால் ஆலங்கட்டியை வரவழைக்க முடியுமா? முடியாது என்கிறார் மோலிட்டர். புயல் வரப்போவது பிசாசுக்கு முன்பே தெரியும். அந்த நேரம் பார்த்து, பானையைக் கிளறு என்று பெண்ணைத் தூண்டிவிடுகிறது. தன்னால்தான் மழை வந்தது என்று அவள் நம்பிவிடுகிறாள். வானத்தில் பறப்பது? அது பிசாசு காட்டும் மயக்கம். கடவுளை மறுத்ததற்காக இவர்களுக்கு மரண தண்டனை தகும் என்றுதான் அவரும் முடிக்கிறார், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனாலும் ‘உண்மையில் நடக்கவில்லை’ என்பது நூலின் வாதம்.

சரி, இப்போது திரும்பவும் படத்தைப் பாருங்கள். ‘நடக்கவில்லை’ என்பது இதில் எங்கே இருக்கிறது?

என்னை வருடக்கணக்காக உறுத்துவது இதுதான். எழுத்து ‘இது மயக்கம்’ என்று சொல்லலாம். செதுக்குபவர் பானையைச் செதுக்கினால் பானை, மழையைச் செதுக்கினால் மழை. அடுத்த படத்தில் விலங்குத் தலையோடு மூன்று பேர் ஒரே கவைக்கோலில் ஏறிப் பறக்கிறார்கள். இன்னொன்றில் ஒருத்தி அம்பெய்து ஒருவனின் காலை முடமாக்குகிறாள். லத்தீன் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். படத்துக்கு மொழி வேண்டாம்.

மரச்செதுக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது இன்னும் புரியும். பேரிக்காய் மரம் போன்ற இழை நெருங்கிய பலகையில் படத்தை வரைந்து, வெள்ளையாக வர வேண்டிய இடத்தையெல்லாம் கத்தியால் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சிய கோடுகள் மேடாக நிற்கும்; மை அதில்தான் ஒட்டும். நம் பழைய அச்சகங்களில் ‘பிளாக்’ என்பார்களே, அந்த மாதிரிதான். பலகையின் உயரமும் ஈய எழுத்தின் உயரமும் ஒன்றாக இருப்பதால், எழுத்தோடு சேர்த்துக் கோத்து ஒரே அழுத்தத்தில் அச்சிட்டுவிடலாம். செப்புத்தகட்டுப் படத்துக்கு வேறு அச்சுப்பொறி வேண்டும், செலவும் கூடும். மரப்படத்தைப் பார்த்து அடுத்த ஊர்க்காரர் புதிதாகச் செதுக்கிக்கொள்வதும் சுலபம். மோலிட்டரின் நூல் கோல்ன், ஊல்ம், ஸ்ட்ராஸ்பர்க் என்று ஊர் ஊராக மறுபதிப்புக் கண்டது. படங்களும் கூடவே போயின.

1510இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஹான்ஸ் பால்டுங் கிரீன் என்ற ஓவியர் இரண்டு பலகைகளை வைத்து, ஒன்றில் கோடு, மற்றொன்றில் இருள் என்று, சூனியக்காரிகளின் இரவை அச்சிட்டார். கலையாகப் பார்த்தால் அது எட்டாத உயரம். ஆனால் அவருடைய பெண்கள் நிர்வாணமாக, ஆட்டின் மேல் பின்பக்கம் திரும்பிப் பறப்பவர்கள். அவர்களைத் தெருவில் பார்க்க முடியாது. மோலிட்டரின் பெண்களைப் பார்க்கலாம். எனக்கு அதிகப் பயம் தருவது இவர்கள்தான்.

1562 ஆகஸ்ட் 3 அன்று தென்மேற்கு ஜெர்மனியில் பெரும் ஆலங்கட்டி மழை பெய்து பயிரை அழித்தது. வீசென்ஸ்டைக் என்ற சிற்றூரில் பெண்களைப் பிடித்தார்கள். 63 பேர் எரிக்கப்பட்டதாக அடுத்த ஆண்டே ஒரு துண்டு வெளியீடு அச்சாகி விற்பனைக்கு வந்தது. மோலிட்டரின் படம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மழையைச் சூனியத்தோடு சேர்க்கும் நம்பிக்கை அதைவிடப் பழையது. ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஒரு பானையும், இரண்டு முகங்களும், நாலு பேர் கையில் சுற்றிவரும் ஒரு காகிதமும் அதற்குள் கிடைத்திருந்தன. ஐரோப்பா முழுவதும் இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. பெரும்பாலோர் பெண்கள்.

அதே நூலின் இன்னொரு படத்தோடு முடிக்கிறேன். வெட்டவெளி, ஒரு மரம், ஒரு மேசை. மூன்று பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வால் இல்லை, கொம்பு இல்லை, பிசாசே இல்லை. பெயர் தெரியாத அந்தச் செதுக்குநர் எதையும் கூட்டவில்லை. ஆனால் முந்தைய பக்கங்களைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர், மேசையில் மீதமிருக்கும் இடத்தில் பிசாசைத் தானே உட்காரவைத்துவிடுவார்.