பொதுவில் இருப்பதையெல்லாம் பகிரலாமா?

நண்பர்களே, வணக்கம். ஒருவரின் தனிப்பட்ட விவரங்களை அவர் சம்மதமின்றி இணையத்தில் வெளியிடுவதை டாக்ஸிங் என்கிறார்கள். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு பதில் உடனே வரும். "நான் யாருடைய கணக்கிலும் புகுந்து திருடவில்லையே, எல்லாம் ஏற்கெனவே பொதுவில் இருந்ததுதானே?" இதை மனதார நம்புகிறவர்கள் நிறையப் பேர். அவர்களோடுதான் இன்று எனக்கு வாதம்.

2020 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், பார்சல் கொண்டுவந்த ஆள் போல வந்த ஒருவன் ஒரு பெண் நீதிபதியின் வீட்டு வாசலில் அவருடைய 20 வயது மகனைச் சுட்டுக் கொன்றான். கணவர் படுகாயமடைந்தார். வீடு எங்கே, எந்தத் தேவாலயத்துக்குப் போகிறார்கள் என்பது உட்பட, குடும்பத்தைப் பற்றி முழுக் கோப்பே அவனிடம் இருந்ததாக அந்தத் தாய் பிறகு பேசினார். வீட்டு முகவரி போன்றவை இணையத்தில் எளிதாகக் கிடைப்பவைதான். அவரைப் போன்ற ஃபெடரல் (மத்திய அரசு நீதிமன்ற) நீதிபதிகளின் இத்தகைய விவரங்களைப் பாதுகாக்க 2022 டிசம்பரில் தனிச் சட்டமே வந்தது.

சிதறிக் கிடக்கும் தகவல் வேறு, ஒரே இடத்தில் திரட்டிய தகவல் வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-லேயே இதைச் சொல்லிவிட்டது. ஒருவரின் குற்றப் பதிவுகள் பல நீதிமன்றங்களிலும் காவல் நிலையங்களிலும் தனித்தனியாகக் கிடக்கலாம். அதற்காக, அவற்றைத் தொகுத்த அரசுக் கோப்பைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட முடியாது என்றது. இணையம் பரவாத காலத்துத் தீர்ப்பு இது! இன்று அந்தத் தொகுப்பை ஒரு மாலையில் யாரும் செய்துவிடலாம். அதோடு முகவரியைப் போட்டு, "கொஞ்சம் விசாரியுங்கள்" என்று கோபத்தில் இருக்கும் கூட்டத்துக்கு நீட்டினால், அது டாக்ஸிங்தான். புனைபெயரில் எழுதுபவரின் நிஜப் பெயரை அவர் சம்மதமின்றி வெளியிடுவதும் அப்படித்தான்.

சரி, அப்படியானால் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லக் கூடாதா? சொல்ல வேண்டும். அமைச்சர் போட்ட கையெழுத்து, அதிகாரி பிறப்பித்த உத்தரவு, நிறுவனம் மறைத்த கணக்கு, இவையெல்லாம் மக்கள் கேட்க உரிமையுள்ளவை. கேள்வி கேட்டால் "என்னை டாக்ஸ் செய்கிறார்கள்" என்று பதவியில் இருப்பவர் கூச்சலிட்டால், அதற்கு மசியாதீர்கள். ஆனால் அவர் மகள் எந்தப் பள்ளியில் படிக்கிறாள் என்பது அவருடைய கையெழுத்தைப் பற்றி என்ன சொல்லிவிடும்? ஒன்றும் சொல்லாது. அவளைத் தேடிப் போகிறவனுக்கு மட்டுமே அது பயன்படும்.

சிங்கப்பூரில் 2020 முதலும் நெதர்லாந்தில் 2024 முதலும் டாக்ஸிங் தண்டனைக்குரிய குற்றம். இத்தகைய சட்டங்களில் வெளியிட்டவரின் நோக்கம் என்ன என்பது முக்கியமான கேள்வி. எனக்கு அது மட்டும் போதவில்லை. 2013 பாஸ்டன் மராத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, நீதி கிடைக்கட்டும் என்ற எண்ணத்தில்தான் பலர் புகைப்படங்களை ஒப்பிட்டார்கள். காணாமல் போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டினார்கள். அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த குடும்பத்தின் மேல் வசைகள் குவிந்தன. அவர் இறந்துவிட்டார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அநியாயத்தைக் கண்டால் அதை எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் தொலைபேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். ஆதாரத்தைக் காவல்துறையிடமோ பொறுப்பான பத்திரிகையாளரிடமோ கொடுங்கள். உங்கள் விவரமே வெளியாகிவிட்டால், முதலில் பதிவுகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். தொலைபேசி எண், முகவரி போன்றவற்றைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கோரும் வசதியைக் கூகுள் 2022 ஏப்ரலில் விரிவுபடுத்தியது, அதையும் பயன்படுத்துங்கள். மூலப் பக்கம் அதனால் அழியாது, அந்தத் தளத்துக்குத் தனியாக எழுத வேண்டும்.