மிதிவெடி புதைத்தவர்களே அதைத் தடைசெய்யக் கேட்டபோது

பெரியோர்களே, நண்பர்களே,

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கா செய்த எம்-14 என்ற மிதிவெடி நான்கு செ.மீ. உயரமும் ஐந்தரை செ.மீ. அகலமும் கொண்ட பிளாஸ்டிக் டப்பா. எடை 100 கிராம் அளவு. உள்ளே இருக்கும் வெடிமருந்து 29 கிராம்தான். 9 முதல் 16 கிலோ வரை பாரம் மேலே விழுந்தால் வெடிக்கும். நடக்கப் பழகிய குழந்தையின் எடை அது. ஆளைக் கொல்வதற்காகச் செய்யப்பட்டதல்ல, காலை எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. ஒருவன் செத்தால் படையில் ஒருவன் குறைவான். கால் போனால் அவனைத் தூக்க இருவர், காக்க ஒருவர், மருத்துவமனையில் மாதக்கணக்கில் ஒரு கட்டில். இந்தக் கணக்கைப் போட்டவர்கள் படைத்துறையினர். இது தப்புக் கணக்கு என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களிலும் படையில் இருந்து வந்தவர்களே முன்வரிசையில் நின்றார்கள். இன்று நான் பேச வந்தது அவர்களைப் பற்றி.

முன்னாள் படையினர் சமாதான இயக்கத்துக்கு வந்தால், குற்ற உணர்ச்சியால் வந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். சிலரிடம் அது உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மிதிவெடித் தடை இயக்கத்துக்கு அவர்கள் கொண்டுவந்த பெரிய சொத்து வேறு. அந்தப் பொருளை அவர்களுக்குத் தெரியும். எங்கே புதைப்பார்கள், ஏன் புதைப்பார்கள், புதைத்தபின் என்ன ஆகும் என்பது தெரியும். "நாட்டுப் பாதுகாப்புக்கு இது வேண்டும்" என்று ஓர் அமைச்சர் சொன்னால் சாதாரண மனிதர் வாயடைத்துப் போவார். படைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர் அப்படிப் போகமாட்டார்.

பாபி முல்லர் அமெரிக்க மரைன் படையில் அதிகாரி. 1969இல் வியட்நாமில் குண்டு பாய்ந்து முதுகுத்தண்டு அறுந்தது. அன்று முதல் சக்கர நாற்காலி. முதலில் தன்னைப் போன்ற வீரர்களின் மருத்துவ உரிமைக்காகப் போராடினார். 1980இல் வியட்நாம் வெட்டரன்ஸ் ஆஃப் அமெரிக்கா ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். 1981இல், போர் முடிந்து ஆறே ஆண்டுகளில், முன்னாள் வீரர்களின் குழுவோடு ஹனோய்க்குப் போனார். நேற்று வரை எதிரி என்று சொல்லப்பட்டவன் வீட்டு வாசலில் போய் நிற்பது எளிதல்ல. சொந்த நாட்டிலேயே துரோகி என்று ஏசினார்கள்.

1991இல் அந்த அறக்கட்டளை கம்போடியாவின் புனோம் பென் அருகே, கியன் கிளியாங்கில், செயற்கைக்கால் செய்து கொடுக்கும் நிலையத்தைத் திறந்தது. அங்கே விளங்கியது ஒரு கணக்கு. பெரியவருக்கு ஒரு செயற்கைக்கால் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரும். வளரும் பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பத்து வயதில் காலை இழந்த பிள்ளைக்கு ஆயுள் முழுவதற்கும் இருபத்தைந்து கால்கள் வரை தேவைப்படும் என்று செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டது. அறுத்த இடத்தில் எலும்பு தசையைவிட வேகமாக வளர்ந்து தோலைக் குத்தும், மறுபடி அறுவை செய்ய வேண்டும். வெடிக்கும்போது மண்ணும் செருப்பும் பிளாஸ்டிக்கும் தசைக்குள் மேலே ஏறிவிடுவதால், காயம் கணுக்காலில் தெரிந்தாலும் முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டிவரும். ஒரு பக்கம் கால் செய்துகொண்டே இருக்கிறார்கள், மறுபக்கம் கால் போய்க்கொண்டே இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிற வேலை. ஓட்டையை அடைக்காமல் முடியாது.

அந்த ஆண்டிலேயே முல்லரின் அமைப்பும் ஜெர்மனியின் மெடிகோ இன்டர்நேஷனலும் கைகோத்தன. ஜோடி வில்லியம்ஸ் என்ற பெண்மணியை ஒருங்கிணைப்பாளராக அமர்த்தினார்கள். 1992 அக்டோபரில் ஆறு அமைப்புகள் சேர்ந்து மிதிவெடித் தடைக்கான பன்னாட்டு இயக்கத்தைத் தொடங்கின. அவற்றில் ஒன்று மைன்ஸ் அட்வைசரி குரூப். அதை 1989இல் தொடங்கிய ரே மெக்ராத் பிரிட்டிஷ் இராணுவப் பொறியியல் படையில் இருந்தவர். 1997இல் இந்த இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தபோது, இயக்கத்தின் சார்பில் உரை நிகழ்த்தியவர் இந்த மெக்ராத். பரிசைப் பெற்றுக்கொண்டவர் டுன் சன்னரெத். கம்போடியப் போராளியாக இருந்து 1982இல் மிதிவெடியில் இரு கால்களையும் இழந்தவர், பிறகு சியெம் ரீப்பில் சக்கர நாற்காலிகள் செய்தவர். அந்த மேடையில் யார் நின்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன்.

படைத்துறைப் பாடத்தில் மிதிவெடி வயலுக்கு ஒரு விதி உண்டு: வயலை எந்நேரமும் கண்காணிக்க வேண்டும், நெருங்குபவனைச் சுட ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத வயல் தடை ஆகாது, எதிரிக்குச் சேமிப்புக் கிடங்கு ஆகிவிடும். 1967இல் தென் வியட்நாமில் ஆஸ்திரேலியப் படை டாட் டோ ஊரிலிருந்து கடற்கரை வரை 11 கிலோமீட்டருக்கு வேலியிட்டு, 20,000க்கும் மேற்பட்ட எம்-16 வெடிகளைப் புதைத்தது. மண்ணிலிருந்து இடுப்புயரம் எழும்பி வெடிக்கும் வகை அது. எடுத்தால் வெடிக்கும் பொறியைப் பலவற்றின் அடியில் வைத்தார்கள். ஆனால் 11 கிலோமீட்டரையும் காவல் காக்கப் போதிய ஆள் இல்லை. வியட்கொங் கெரில்லாக்கள் இரவில் தவழ்ந்து வந்து ஆயிரக்கணக்கான வெடிகளைக் கிளப்பிக் கொண்டுபோனார்கள். எடுக்கும்போது சிலர் செத்தார்கள், மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள். அதே வெடிகள் ஆஸ்திரேலிய வீரர்கள் நடக்கும் பாதையில் முளைத்தன. தங்கள் நாடு கொண்டுவந்த வெடியிலேயே அவர்கள் செத்தார்கள்.

இது தனிப்பட்ட ஒரு தளபதியின் பிழையா, அல்லது ஆயுதத்தின் குணமா? செஞ்சிலுவைச் சங்கம் இந்தக் கேள்வியைப் படைத்துறை அறிஞர்களிடமே விட்டது. ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் பிரிகேடியர் பேட்ரிக் பிளாக்டன் 1940க்குப் பிந்திய 26 போர்களை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1996இல் வெளிவந்தது. வரைபடம் எழுதி, எல்லை குறித்து, விதிப்படி மிதிவெடி பயன்படுத்தப்பட்ட போர் அரிது. போரின் போக்கை அது மாற்றியதும் அரிது. கிடைத்த சிறு பயனை அது விளைவித்த துன்பத்தோடு எடை போட்டால் துன்பமே மிகுந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட படை அதிகாரிகள் அந்த முடிவை ஏற்று ஒப்பமிட்டார்கள்.

அதே ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் அதிபர் கிளின்டனுக்கு முழுப்பக்கத் திறந்த மடல். அதற்கு ஏற்பாடு செய்தது முல்லரின் அறக்கட்டளை. ஒப்பமிட்டவர்கள் ஓய்வுபெற்ற 15 படைத்தலைவர்கள். வளைகுடாப் போரை நடத்திய நார்மன் ஷ்வார்ஸ்காஃப், கூட்டுப் படைத்தலைவர் குழுவுக்குத் தலைமை தாங்கிய டேவிட் ஜோன்ஸ், கொரியாவில் படை நடத்திய ஜேம்ஸ் ஹாலிங்ஸ்வொர்த் ஆகியோர் அதில் இருந்தார்கள். தடை மனிதநேயத்துக்கும் உகந்தது, படைத்துறைப் பொறுப்புக்கும் உகந்தது என்பது மடலின் சாரம். இந்த வரிசையைப் பார்த்து "அனுபவமில்லாத கனவாளிகள்" என்று யாராலும் தள்ள முடியவில்லை. அப்படியும் அமெரிக்கா கையெழுத்திடவில்லை. கொரிய எல்லைக்கு விலக்கு வேண்டும் என்று 1997 செப்டம்பரில் ஆஸ்லோவில் கேட்டது, மற்ற நாடுகள் மறுத்துவிட்டன. அங்கே இறுதி செய்யப்பட்ட உடன்படிக்கையில் அந்த டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் கையெழுத்திட்டன. 1999 மார்ச் 1 முதல் நடைமுறை.

உடன்படிக்கையின் வாசகத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். முந்திய ஆண்டு திருத்திய வேறொரு நெறிமுறையில் "முதன்மையாக" ஆளால் வெடிக்கும்படி அமைந்த வெடி என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல் இருந்தால், முதன்மை நோக்கம் வேறு என்று சொல்லி எந்த வெடியையும் தப்பவைக்கலாம். ஒட்டாவா உடன்படிக்கையில் அந்தச் சொல்லை எடுத்தார்கள். ஆள் மிதித்தோ, தொட்டோ, நெருங்கியோ வெடிக்கும்படி அமைந்தால் தடை. ஒருவர் மறைந்திருந்து கையால் இயக்கும் கிளேமோர் என்ற வெடி தடையில் வராது. அதே கிளேமோரில் காலில் தட்டும் கம்பியைக் கட்டினால் வரும். கையிருப்பை நான்கு ஆண்டில் அழிக்க வேண்டும், புதைத்ததைப் பத்து ஆண்டில் அகற்ற வேண்டும். எந்த விதிக்கும் விலக்கு கோரிக் கையெழுத்திட முடியாது. இதுவரை 5.5 கோடிக்கும் மேற்பட்ட வெடிகள் கிடங்குகளிலிருந்து எடுத்து அழிக்கப்பட்டன.

அகற்றுவது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். முன்னாள் படையினர் கற்றதை மறக்க வேண்டியிருந்தது இங்கேதான்.

படைக்கு வேண்டியது பாதை. குறுகிய ஒரு வழியை விரைவாகத் திறந்து தாக்குதலைக் கொண்டுபோக வேண்டும். நூற்றுக்கு எண்பது வெடி போனால் போதும், மீதிக்கு ஆள் இழப்பை ஏற்றுக்கொள்வார்கள். ஊர்க்காரருக்கு வேண்டியது வயல். அங்கே ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் வேலை முடியவில்லை. ஐ.நா. முதலில் வைத்த அளவுகோலே 99.6 விழுக்காடு. பின்னர், குறித்த ஆழம்வரை அனைத்தும் என்று அதுவும் இறுகியது. அதனால் பணி மிக மெதுவாகப் போகும். ஒரு மீட்டர் அகலத் தடம். முன்னால் ஒரு கோலைக் குறுக்கே வைத்து, அதைத் தாண்டிக் கை போகாமல் பார்த்துக்கொள்வார்கள். முதலில் காலில் தட்டும் கம்பி உண்டா என்று மெல்லிய குச்சியால் துழாவுவது. பிறகு புல்லை வெட்டுவது. பிறகு உலோகம் இருந்தால் சத்தமிடும் டிடெக்டர் கருவி. சத்தம் கேட்ட இடத்தில் தோண்டக் கூடாது. அதற்கு ஒரு சாண் முன்னாலேயே பள்ளமெடுத்து, பக்கவாட்டாக நெருங்க வேண்டும், ஏனென்றால் அழுத்தத் தட்டு மேலே இருக்கிறது. கம்பியால் குத்திப் பார்ப்பதானால் தரைக்கு 30 பாகைச் சாய்வில்.

எங்கே பிழை நேர்கிறது? வெயிலில் காய்ந்த மண் இறுகியிருக்கும், பணியாளர் கூடுதல் வலுவோடு குத்துவார். முன்கூட்டித் தண்ணீர் தெளித்து ஊறவிட்டால் தவிர்க்கலாம். மழையும் மரவேரும் வெடியைச் சாய்த்துவிடும், தட்டு பணியாளரை நோக்கித் திரும்பியிருக்கும். பழைய போர்முனையில் ஒரு மிதிவெடி கிடைப்பதற்குள் நூற்றுக்கணக்கான தோட்டா உறைகளும் ஆணிகளும் சத்தமிடும். அடுத்ததும் ஆணிதான் என்று மனம் நம்பத் தொடங்கும் நிமிடம் ஆபத்தான நிமிடம். வியர்த்துப்போனால் முகக்கவசத்தைத் தூக்கிவிடுவார்கள். ஐந்து மி.மீ. பாலிகார்பனேட்டில் செய்த அந்தக் கவசம் கண்ணைக் காப்பாற்றும், கீழே இறக்கியிருந்தால் மட்டும். மார்புக்கவசத்தின் தரம், 60 செ.மீ. தூரத்தில் 240 கிராம் டி.என்.டி. வெடிப்பைத் தாங்க வேண்டும் என்பது. சோவியத் பி.எம்.என். மிதிவெடியில் இருக்கும் மருந்தின் அளவு அதுவே.

கம்போடியாவின் ஆகி ரா சிறுவயதில் கெமர் ரூஜ் படையில் மிதிவெடி புதைத்தவர். போருக்குப்பின் குச்சியும் கத்தியும் கொண்டு தனியாளாக அவற்றைக் கிளப்பினார். அவர் துணிவை மதிக்கிறேன், ஆனால் அந்த முறையை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அளந்து குறித்த எல்லை இல்லை, மறு சோதனை இல்லை, மருத்துவர் பக்கத்தில் இல்லை. வெடி எடுத்த நிலம் பாதுகாப்பான நிலம் என்று எழுதிக் கொடுக்க அந்த வேலையால் முடியாது. பின்னர் அவரே முறையான பயிற்சியும் உரிமமும் பெற்று, 2008இல் அமைப்பாகப் பதிந்து, விதிப்படி பணியாற்றினார். அவர் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த மாற்றம்.

இலங்கையில் இந்தக் கதைக்கு நம் ஊர்ப் பக்கம் ஒன்று உண்டு. வன்னியில் கிடைப்பவை இராணுவம் புதைத்த பாகிஸ்தானிய பி4, புலிகள் செய்த ரங்கன்-99, ஜொனி முதலியவை. பி4இல் உலோகம் மிகக் குறைவு, டிடெக்டருக்கு எளிதில் அகப்படாது. அந்த மணற்பாங்கான நிலத்துக்கென்றே நார்வீஜியன் பீப்பிள்ஸ் எய்ட் என்ற நார்வே அமைப்பு அங்கே றேக் (மண் வாரும் பல்வாரி) முறையை வளர்த்தெடுத்தது. கனமான றேக்கால் மண்ணை இளக்கி, இலேசான றேக்கால் தன்பக்கம் வாரி, குறித்த ஆழம்வரை மண்ணை முழுக்கப் புரட்டுவது. நீண்ட கைப்பிடி, வெடித்தாலும் ஆள் தள்ளி நிற்பார். டிடெக்டரின் சத்தத்தை நம்பும் தேவையில்லை. பாறையும் கெட்டிக் களிமண்ணும் உள்ள இடத்தில் இம்முறை ஒத்துவராது.

2002 போர்நிறுத்தத்துக்குப் பின் இந்திய இராணுவத்தில் ஓய்வுபெற்றவர்களின் ஹொரைசன், சர்வத்ரா குழுக்கள் அங்கே வந்து வெடிகளை அகற்றின. இன்று அங்கே வெடி அகற்றும் டாஷ் அமைப்பைத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற இலங்கைப் பிரிகேடியர் ஆனந்த சந்திரசிறி. ஷார்ப் அமைப்பும் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் தொடங்கியதே. அவற்றில் மண்டியிட்டு மண்ணை வாருபவர்களில் வடக்கின் தமிழ்ப் பெண்கள் பலர். இதில் முழு மனநிறைவு எல்லோருக்கும் வராது, வரவேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். நிலம் திரும்பிக் கிடைக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். இலங்கை 2017 டிசம்பரில் உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை.

2025இல் எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா, போலந்து, பின்லாந்து ஆகிய ஐந்தும் விலகல் அறிவிப்புக் கொடுத்தன. ரஷ்யாவின் அண்டையில் இருக்கும் அச்சம் பொய்யல்ல. ஆனால் டாட் டோவின் கேள்வி அவர்களுக்கும் இருக்கிறது: எத்தனை கிலோமீட்டர் புதைப்பீர்கள், அத்தனையையும் இரவு பகலாகக் காக்க எத்தனை பேர் வைத்திருக்கிறீர்கள்?

இலங்கையின் வடக்கே முகமாலை, பளைப் பக்கத்தில் காணி திரும்பப் பெறுபவர்கள் உங்கள் உறவினராக இருக்கலாம். அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒப்படைப்புப் பத்திரத்தில் எல்லைப் புள்ளிகளோடு, எவ்வளவு ஆழம்வரை அகற்றினார்கள் என்ற எண்ணும் இருக்கும். பெரும்பாலும் அது 10 முதல் 20 செ.மீ.க்குள் அமையும். மேலே நடக்கவும் உழவும் அது கணக்கிட்ட ஆழம். தென்னங்கன்றுக்குக் குழி மூன்று அடி போகும், கிணறு இன்னும் ஆழம். அரண்மண் கொட்டி மூடிய பழைய பதுங்குகுழி இருந்த இடமென்றால் வெடி கீழே தங்கியிருக்க வாய்ப்புண்டு. ஆகவே தோண்டுமுன் அந்த எண்ணைப் படித்துப் பார்த்து, மண் கொட்டிய இடங்களை அகற்றிய குழுவினரிடம் காட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். அவர்களிடம் வரைபடம் இருக்கிறது.