அரவணைப்பு என்ன, ஆடிக் கூழா?

நடுவர் அவர்களே, எதிரணியினரே, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பக்கமிருந்து வந்திருக்கும் ஐயாமார்களே, அக்காமார்களே, ஆயாமார்களே, வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். போரில் வன்புணர்வுக்கு ஆளான தாய்க்கும் அதில் பிறந்த பிள்ளைக்கும் பெரிதும் துணை நிற்பது சட்டமா, சுற்றியிருப்பவர்களின் அரவணைப்பா? நான் அரவணைப்பு அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி அழகாகப் பேசினார். நம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கிளேர்வுட்டில், பேருந்து ஓட்டுநருக்கு மகளாகப் பிறந்த நவநீதம் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். ருவாண்டா இனப்படுகொலை வழக்கில், வன்புணர்வும் இனப்படுகொலைக் குற்றமாகும் என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் முதன்முதலாகத் தீர்ப்பளித்தது 1998 செப்டம்பர் 2. தீர்ப்பளித்த மூவரில் அந்த அம்மா ஒருவர். நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். அப்புறம் தம்பி என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை விட்டார்: "அரவணைப்பு என்ன, ஆடிக் கூழா அக்கா? காலையில் ஊற்றுவீர்கள், மத்தியானம் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவீர்கள். சட்டம்தான் நிற்கும்."

தம்பி, கூழைத் தொட்டுவிட்டீர்கள். இனி என் ஏழு நிமிடமும் கூழ்தான்.

சில வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி வெள்ளிக்கிழமை. இங்கே ஆடி என்றால் குளிர்காலம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் வாசலில் எங்கள் ஆயா கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார். வரிசை தெரு வரைக்கும் நின்றது. அதன் கடைசியில் ஒரு கொங்கோ நாட்டுப் பெண். சந்தையில் தலை பின்னிவிட்டுப் பிழைப்பவள். கையில் ஒரு பிளாஸ்டிக் குவளை, பக்கத்தில் ஆறு வயசுப் பையன். அவள் முறை வந்தது. அண்டா பக்கத்தில் நின்ற நம் அக்கா ஒருவர், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டார்: "பையனோட அப்பா எங்கே?"

குவளையை நீட்டிய கை அப்படியே இறங்கிவிட்டது.

பின்வரிசைக்குக் கேட்டதோ என்னவோ, இன்னொரு தரம் சொல்கிறேன். நீட்டிய கை, கூழ் வாங்காமலே இறங்கிவிட்டது. பையன் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான். அந்தக் கேள்விக்கு இந்த முகம் எப்படி மாறும் என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். ஆறு வயசில் அது தெரிந்திருக்கிறது, ஐயா!

ஆயா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த குவளையை வாங்கி, நிறைய ஊற்றி, பையனிடம் நீட்டினார். "சூடா இருக்கு, ரெண்டு கையாலயும் புடி ராசா" என்றார். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ரெண்டு கையாலும் பிடித்தான்.

சரி, இப்போது தம்பியின் நீதிமன்றத்துக்கு வருவோம். தான்சானியாவின் அருஷா நகரில் அந்த வழக்கு தொடங்கியபோது குற்றப்பத்திரிகையில் வன்புணர்வு என்ற வார்த்தை இருந்ததா? இல்லை. 1997-இல் ஒரு தாய் சாட்சிக் கூண்டில் நின்று, தன் 6 வயது மகளுக்கு நடந்ததைத் தானாகச் சொன்னார். அது வழக்கிலேயே இல்லாத விஷயம். அந்தப் பேச்சை நீதிபதிகள் அடக்கவில்லை, மேலும் கேட்டார்கள். அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நம் ஊர்க்காரர். அடுத்தடுத்துச் சாட்சிகள் பேசினார்கள், ஜூன் மாதம் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. உட்கார்ந்து காது கொடுத்த பிறகுதானே தம்பி, உங்கள் சட்டம் பிறந்தது?

பிறந்த சட்டம் பிள்ளையைப் பார்த்ததா? ருவாண்டாவில் தப்பிப் பிழைத்தவர்களுக்கென்று அரசு ஒரு நிதி வைத்தது. பள்ளிக் கட்டணம், மருந்து எல்லாம் அதில் வந்தது. ஆனால் அந்தக் கொடுமையால் கருவுற்று, படுகொலை முடிந்த பின் பிறந்த பிள்ளை அந்தக் கணக்கில் வரவில்லை. ஒரே வீட்டில் மூத்ததற்குப் பள்ளிக் கட்டணம் உண்டு, இளையதற்குக் கிடையாது. போதாததற்கு ஊர் அதற்கு வைத்த பெயர், கெட்ட ஞாபகத்தின் பிள்ளை.

போஸ்னியாவில் போர் முடிந்தது 1995. அங்கே விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் தகப்பன் பெயர் கேட்கும் கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் பேனா நின்றுபோன பிள்ளைகள் வளர்ந்து, சங்கம் கட்டிப் போராடி, தாங்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான் என்று 2022-இல் பிர்ச்கோ மாவட்டத்திலும் 2023-இல் நாட்டின் இரு பெரும் பகுதிகளில் ஒன்றான கூட்டமைப்புப் பகுதியிலும் சட்டத்தில் ஏற வைத்தார்கள். 1993-இல் பிறந்த பிள்ளைக்கு அப்போது 30 வயது. அந்த 30 வருஷம் சோறு ஊட்டியது யார்? காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தது யார்?

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொங்கோவில் டாக்டர் முக்வேகே 1999-இல் தொடங்கிய பன்சி மருத்துவமனையில் உடம்புக்கு வைத்தியம், மனசுக்குத் துணை, வழக்காட வக்கீல், பிழைக்க ஒரு தொழில் என்று நாலும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். அந்த நாலில் ஒன்று சட்டம். மீதி மூன்றும் பக்கத்தில் ஆள் இருந்து செய்கிற வேலை.

மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, ஒரே நிமிடம். கூழ் பாக்கி இருக்கிறது.

அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிடுவீர்கள் என்றாரே தம்பி, அந்த அண்டாவைக் கழுவ ஆயாவோடு உட்கார்ந்தது யார் தெரியுமா? அந்தப் பெண்தான். மறு வெள்ளிக்கிழமை வந்தாள், அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள். மூன்றாவது வாரம், கூட்டமெல்லாம் போன பிறகு, கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தாள். தேய்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். பாதி சுவாஹிலி, பாதி உடைந்த ஆங்கிலம். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். அவள் சொன்னதை இந்த மேடையில் சொல்ல மாட்டேன், அது அவளுடையது. ஆயாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஒரு இடத்தில் அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். ஆயா தன் சோப்புக் கையை அவள் கைமேல் வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. பையன் ஆயாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவள் கிளம்பும்போது ஆயா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அடுத்த வெள்ளிக்கிழமையும் வா. புள்ளையையும் கூட்டிட்டு வா."