தாச்சிக்குப் பக்கத்து நிலம்

நேயர்களுக்கு வணக்கம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதி நெடுக எத்தனையோ சாப்பாட்டுக் கடைகள். அந்தக் குசினிகளில் நடக்கும் எரிகாயங்களைப் பேசும்போது நான் நிலத்திலிருந்துதான் தொடங்குவேன். வடை போடும் தாச்சியில் எண்ணெய் 180 பாகை செல்சியஸ் வரை காய்ந்து நிற்கும். பக்கத்தில் ஒருவருக்குக் கால் சறுக்கினால் கை எதையாவது பிடிக்கப் பாயும். எட்டுகிற தூரத்தில் இருப்பது தாச்சியின் காது.

பொரிக்கையில் எழும் எண்ணெய்ப் புகை மாபிள் நிலத்தில் படிகிறது. பச்சைத் தண்ணீரில் துடைத்தால் அது போகாது, குசினி முழுக்கப் பரவும். சுடுதண்ணீரில் சவர்க்காரத் தூள் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, தும்புத்தடியால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். நிலம் காய்ந்த பிறகே அடுப்பை மூட்டுங்கள். வேலைக்கு நடுவே சிந்தினால் உப்போ தவிடோ தூவி அள்ளுங்கள். தேய்ந்த பாட்டா வேண்டவே வேண்டாம். முன்பக்கம் மூடிய, கயிறு இல்லாத சப்பாத்து நல்லது. எண்ணெய் உள்ளே போனாலும் உடனே கழற்றலாம்.

ஈரத்துணியால் சூட்டுப் பாத்திரம் தூக்காதீர்கள். துணியின் ஈரம் ஆவியாகிக் கையை அவித்துவிடும்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீர் அடிக்குப் போய் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு விரிந்து, எரிகிற எண்ணெயைக் கூரைக்கு எறியும். கைக்கு எட்டினால் காஸைப் பூட்டி, பெரிய மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள்.

சுட்ட இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓட வேண்டும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: வன்னி வெயிலில் கூரைத் தாங்கியின் தண்ணீர் மத்தியானத்தில் சுடும். கையில் விட்டுப் பார்த்த பிறகே காயத்தில் விடுங்கள். சுட்டால் கிணற்றுத் தண்ணீர் அள்ளி ஊற்றுங்கள். மோதிரம், காப்பு எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றுங்கள். பற்பசை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம், பாவம், அவை காயத்தை இன்னும் கெடுக்கும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். காயம் அவரவர் உள்ளங்கையைவிடப் பெரிதானாலோ, முகம், கை, கால், மூட்டில் பட்டாலோ, 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வந்து சேரும்வரை அந்த 20 நிமிடத் தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். குசினி வாசலில், நிழலில், கிணற்றுத் தண்ணீர் நிறைந்த மூடிய பரல் ஒன்றும் கோப்பை ஒன்றும் நாளைக்கே வையுங்கள்.