47 ஆண்டுகள் மாறாத ஒரு தொகை: இழப்பீட்டு உச்சவரம்பு யாரைத் தடுக்கிறது?

[திரையில்: 1975. அதன் கீழே 2,50,000 டாலர்.]

இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மருத்துவர்கள் செலுத்தும் காப்பீட்டு பிரீமியம் தாங்க முடியாத அளவுக்கு ஏறியபோது, ஆளுநர் ஜெர்ரி பிரவுன் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். அதில் பிறந்த ‘மைக்ரா’ என்னும் சட்டம், மருத்துவ அலட்சியத்தால் ஒருவர் படும் வலிக்கும் வேதனைக்கும் 2,50,000 டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கக் கூடாது என்று வரையறுத்தது. விலைவாசி ஏறினால் இந்த வரம்பும் ஏற வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அதனால் 2022-ஆம் ஆண்டு முடியும் வரை, 47 ஆண்டுகள், அத்தொகை இருந்த இடத்திலேயே இருந்தது. 1975-இல் அதற்கிருந்த மதிப்பை 2022-இல் ஈடுகட்ட 13 லட்சம் டாலருக்கு மேல் தேவைப்பட்டிருக்கும்.

வழக்குச் சீர்திருத்தம் என்று அமெரிக்காவில் பேசப்படும் விவாதத்தின் மையத்தில் இருப்பது இத்தகைய உச்சவரம்புதான். அதைப் புரிந்துகொள்ள, இழப்பீடு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு தொகைகள் இருப்பதைப் பார்க்க வேண்டும். முதலாவது, ரசீது காட்டி நிரூபிக்கக்கூடிய மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும். மைக்ரா இதைத் தொடவில்லை. இரண்டாவது, ரசீதே இல்லாத வலி, ஊனம், இழந்த வாழ்வு ஆகியவற்றுக்கானது. உச்சவரம்பு விழுவது இங்கேதான். மூன்றாவது, தவறு செய்தவரைத் தண்டிக்கும் நோக்கில் விதிக்கப்படும் தண்டனை இழப்பீடு.

இந்த மூன்றாவதைப் பற்றிய கதைதான் உலகம் முழுவதும் பரவியது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில், 1992-இல், 79 வயது மூதாட்டி ஒருவர் மெக்டொனால்ட்ஸ் காபியைத் தம்மீது கொட்டிக்கொண்டு கோடீஸ்வரி ஆனார் என்பதாக அது சொல்லப்படுகிறது. அவருக்குத் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை தேவைப்பட்டதையும், அவர் முதலில் கேட்டது ஏறத்தாழ 20,000 டாலர் மட்டுமே என்பதையும், நிறுவனம் தர முன்வந்தது 800 டாலர் என்பதையும் கதை சொல்பவர்கள் விட்டுவிடுவார்கள். 1994-இல் ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, விதித்த 27 லட்சம் டாலர் தண்டனைத் தொகையை நீதிபதி 4,80,000 டாலராகக் குறைத்தார். பின்னர் இரு தரப்பும் வெளியிடப்படாத ஒரு தொகைக்குச் சமரசம் செய்துகொண்டன. ஜூரி மிகையாகச் சென்றால் நீதிபதி திருத்தலாம் என்ற ஏற்பாடு முன்பே இருந்தது என்பதற்கு இந்த வழக்கே சாட்சி.

ஆனால் உச்சவரம்பைக் கேட்பவர்களின் வாதம் காபிக் கோப்பையோடு முடிந்துவிடுவதில்லை. வலிக்கு விலை குறிக்க அளவுகோல் கிடையாது. ஒரு ஜூரி ஒரு லட்சம் தருமிடத்தில் இன்னொரு ஜூரி ஒரு கோடி தரக்கூடும். எவ்வளவு போகும் என்று கணிக்க முடியாத இடத்தில் காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தை ஏற்றும், அல்லது அந்த மாநிலத்தைவிட்டே வெளியேறும். மகப்பேறு மருத்துவர்களும் நரம்பியல் அறுவை மருத்துவர்களும் முதலில் அடிபடுவார்கள். வழக்குக்குப் பயந்து தேவையற்ற பரிசோதனைகளை எழுதித் தரும் பழக்கமும் உண்டு. இவை கற்பனையான கவலைகள் அல்ல. எனினும் அவற்றின் அளவு என்ன என்று கேட்டாக வேண்டும். உச்சவரம்பு உள்ளிட்ட சீர்திருத்தங்களை நாடு முழுவதும் கொண்டுவந்தால் மொத்த மருத்துவச் செலவு ஏறத்தாழ 0.5 சதவீதம் குறையும் என்று 2009-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் மதிப்பிட்டது. பெரிய நாட்டில் அது பெருந்தொகைதான். மேடைகளில் சொல்லப்படும் அளவுக்குப் பெரிது அல்ல.

[திரையில்: ஒரு கணக்குத் தாள். எண்கள் ஒவ்வொன்றாக எழுதப்படுகின்றன.]

இப்போது, கலிபோர்னியாவின் அந்தப் பழைய வரம்பை வைத்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மருத்துவரின் ஒரே வகைத் தவறால் இருவர் ஒரே அளவில் ஊனமடைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 40 வயதுப் பொறியாளர்; மற்றவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. பொறியாளர் இழந்த இருபதாண்டுச் சம்பளத்துக்கு வரம்பு இல்லை. சம்பளம் எதையும் இழக்காத பெண்மணிக்கோ, மருத்துவச் செலவு போக, வலிக்கான 2,50,000 டாலர் மட்டுமே மிஞ்சும். ஜூரி அவருக்கு இருபது லட்சம் தந்தாலும், வரம்பைப் பற்றி ஜூரியிடம் சொல்லப்படாத நிலையில், தீர்ப்புக்குப் பிறகு நீதிபதி அதை வெட்டிவிடுவார்.

வழக்கறிஞரின் மேசையிலிருந்தும் பார்க்கலாம். இத்தகைய வழக்குகளில் தோற்றால் அவருக்குக் கட்டணம் இல்லை. வென்றால், 2022 வரை இருந்த கலிபோர்னியச் சட்டப்படி, முதல் 50,000 டாலரில் 40 சதவீதம், அதாவது 20,000. அடுத்த 50,000-இல் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 16,667. மீதி 1,50,000-இல் 25 சதவீதம், 37,500. மொத்தம் 74,167 டாலர். சாட்சி சொல்ல வரும் நிபுணர்களுக்கு முன்பணத்தைத் தம் கையிலிருந்து போட்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்து, தோற்கும் ஆபத்தையும் ஏற்று, கடைசியில் கிடைக்கக்கூடியது இவ்வளவுதான் என்றால், அந்தப் பெண்மணியின் தொலைபேசி அழைப்புக்கு அவர் என்ன பதில் சொல்வார் என்பதை ஊகிக்கலாம். அவருடைய வழக்கு வலுவற்றது என்பதால் அல்ல, கணக்கு கட்டுப்படியாகவில்லை என்பதால்.

இதனால்தான் பொய் வழக்குகளை உச்சவரம்பு தடுக்கும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அலட்சியம் நடந்தது என்று நிரூபணமான பிறகே வரம்பு வேலை செய்யத் தொடங்குகிறது. அதிலும் காயம் கடுமையாக இருந்தால்தான் தொகை அதை எட்டுகிறது. நிரூபிக்க முடியாத வழக்கு அந்தக் கட்டத்துக்கே வராது. நியூயார்க் மருத்துவமனைகளின் 1984-ஆம் ஆண்டுப் பதிவேடுகளை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் புரட்டியபோது, அலட்சியத்தால் பாதிக்கப்பட்டவர்களில் மிகச் சிலரே வழக்குத் தொடுத்திருந்தனர் என்பதும், தொடுக்கப்பட்டவற்றில் பலவற்றில் அலட்சியத்தின் தடயமே இல்லை என்பதும் சேர்ந்தே வெளிப்பட்டன. இரு தரப்பும் இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகின்றன. தத்தமக்கு வேண்டிய பாதியை மட்டும்.

அமெரிக்க மாநிலங்களின் உச்ச நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. ஜூரி விசாரணைக்கான உரிமையை உச்சவரம்பு பறிக்கிறது என்று ஜார்ஜியா 2010-இலும், மிசோரி 2012-இலும், கான்சாஸ் 2019-இலும் தத்தம் வரம்புகளை ரத்து செய்தன. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றமோ 7,50,000 டாலர் வரம்பை 2018-இல் ஏற்றுக்கொண்டது. டெக்சாஸ் இந்தச் சிக்கலை முன்கூட்டியே உணர்ந்து, 2003-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் மாநில அரசியலமைப்பையே திருத்திக்கொண்டது.

[திரையில்: மீண்டும் 2,50,000. அது மெல்ல அழிகிறது.]

கலிபோர்னியாவில் 2014-இல் வரம்பை உயர்த்தும் முயற்சி வாக்கெடுப்பில் தோற்றது. 2022-இல் இரு தரப்பும் வாக்கெடுப்புக்குப் போகாமலே ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல், உயிரிழப்பு இல்லாத வழக்குகளில் வரம்பு 3,50,000 டாலராகவும், உயிரிழப்பு வழக்குகளில் 5,00,000 டாலராகவும் உயர்ந்தது. ஆண்டுதோறும் ஏறி, பத்தாண்டுகளில் முறையே 7,50,000 டாலரையும் 10 லட்சம் டாலரையும் அது தொடும். அதன் பிறகு ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறும். விலைவாசி அதைவிட வேகமாக ஏறினால், ஓய்வு பெற்ற பெண்மணியின் கணக்கு மறுபடியும் சுருங்கத் தொடங்கும். இந்த முறை சற்று மெதுவாக.