ஃபைல் திறக்க ஏன் இவ்வளவு நேரம்?

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதும், ஏற்கெனவே போட்டிருப்பதைச் சரி பார்ப்பதும் என் தொழில். செவ்வாய்ப்பேட்டை மண்டிகள், ஐந்து ரோடு பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ்கள், ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைகள், மேலே ஏற்காட்டில் சில எஸ்டேட்டுகள் என்று சுற்றிக்கொண்டே இருப்பேன். அடிக்கடி வரும் போன் ஒன்றுதான்: "சார், சர்வர் ரொம்ப ஸ்லோ. புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?"

தாராளமாக வாங்கலாம். ஆனால் கோளாறு சர்வரில், அதாவது எல்லோருடைய ஃபைலும் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டரில், இல்லையென்றால், புது சர்வரும் அந்தப் பழைய வேகத்தில்தான் ஓடும். அதனால் வாங்குவதற்கு முன்னால் எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் படித்தவர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆபீசில் கொஞ்சம் ஆர்வம் உள்ள ஒருவர் இருந்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஃபைல் மெதுவாகத் திறந்தால் பலர் உடனே போனை எடுத்து இன்டர்நெட் ஸ்பீடு பார்க்கிறார்கள். "நெட் 100 வருதே, அப்புறம் ஏன்?" என்று கேட்கிறார்கள். உங்கள் மேஜையிலிருந்து மூலையில் இருக்கும் சர்வருக்குப் போகும் ஃபைல் ஆபீசை விட்டு வெளியே போவதே இல்லை. இன்டர்நெட் முழுக்க அறுந்து கிடந்தாலும் ஷேர் ஃபோல்டர் அதே வேகத்தில் திறக்க வேண்டும். இன்டர்நெட் கம்பெனிக்காரரைத் திட்டுவது ஒரு ஆறுதல், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக, இன்டர்நெட் கனெக்‌ஷன் மாற்றிய பிறகு சர்வர் திறக்க நேரமாகிறது என்றால் அதில் உண்மை இருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

யாருக்கு மெதுவாக இருக்கிறது என்று கேளுங்கள். ஒரே ஒருவருக்கு என்றால், அவருடைய சிஸ்டம், அவருடைய கேபிள், பல கேபிள்களை ஒன்றுசேர்க்கும் ஸ்விட்ச் என்ற பெட்டியில் அவர் கேபிள் சொருகியிருக்கும் துளை, இந்த மூன்றைத் தாண்டித் தேட வேண்டியதில்லை. ஒரு வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கு மட்டும் என்றால், அந்த வரிசையின் மேஜைக்கு அடியில் ஒரு குட்டி ஸ்விட்ச் தூசிக்குள் ஒளிந்திருக்கும். எல்லோருக்கும் என்றால்தான் சர்வர் பக்கம் போக வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அடுத்து, அளந்து பாருங்கள். கொஞ்சம் பெரிய ஒற்றை ஃபைல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ் டிசைன், கல்யாண வீடியோ, எதுவானாலும் சரி, 500 எம்பிக்குக் குறையாமல் இருக்கட்டும். சர்வரிலிருந்து உங்கள் சிஸ்டத்துக்குக் காப்பி செய்யுங்கள். விண்டோஸ் காட்டும் காப்பி வேகத்தைப் பாருங்கள். நொடிக்கு 110 எம்பி பக்கத்தில் நின்றால் உங்கள் நெட்வொர்க் கிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட், வேகத்தில் நன்றாக ஓடுகிறது, கோளாறு வேறு எங்கோ. 11 எம்பியைத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? அப்படியானால் பாதையில் எங்கோ 100 மெகாபிட் அடைப்பு இருக்கிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், எம்பி என்பது மெகாபைட். அதனால் 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை எம்பி. சுமைக்கூலி போக கைக்கு வருவது 11 சொச்சம். அந்த 500 எம்பி டிசைன் கிகாபிட்டில் நாலைந்து நொடியில் வந்துவிடும், 100 மெகாபிட்டில் முக்கால் நிமிடம் ஆகும். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அந்த முக்கால் நிமிடம் ரொம்ப நீளம்.

11 என்ற எண் வந்தால் நான் சந்தோஷப்படுவேன். செலவு குறைந்த கோளாறு அது. பெரும்பாலும் கேபிள்தான்.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நாலு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி, கேபிள் முனையில் பிளக் மாட்டும் கிரிம்பிங்கில் சரியாகக் கடிபடவில்லை, அல்லது நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி அது உள்ளே ஒடிந்துவிட்டது என்று வையுங்கள். கனெக்‌ஷன் போகாது. இரு முனையிலும் உள்ள கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு 100-க்கு இறங்கிவிடும். லைட் எரியும், எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் சோதனை போகும், ஃபைல் திறக்கும். மெதுவாக என்பதைத் தவிர எந்த அறிகுறியும் கிடையாது. முழுக்க அறுந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள். பாதி அறுந்த கேபிள் வருஷக்கணக்கில் அப்படியே ஓடும்.

பார்ப்பது சுலபம். விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து என்சிபிஏ டாட் சிபிஎல் என்று டைப் செய்தால் நெட்வொர்க் கார்டுகள் வரும். ஈதர்நெட் என்பதை இரண்டு முறை தட்டினால் ஸ்பீடு என்ற இடத்தில் கிகாபிட் என்றால் 1.0 ஜிபிபிஎஸ் என்றோ, 100 மெகாபிட் என்றால் 100 எம்பிபிஎஸ் என்றோ இருக்கும். ஒவ்வொரு சிஸ்டத்திலும் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சர்வரிலும் பார்க்க மறக்காதீர்கள். சர்வரின் ஒரு கேபிள் 100-இல் நின்றால் ஆபீஸ் முழுவதும் அந்த 100-ஐத்தான் பங்கு போட்டுக்கொள்ளும்.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லிக்கொள்கிறேன். வாசலில் கண்ணாடிக் கதவுக்கும் சீலிங் விளக்குக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிப்பவர்கள், சுவருக்குள் போகும் கேபிளில் மட்டும் விலை குறைந்த பெட்டியைக் கேட்கிறார்கள். அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பு முலாம் பூசிய கேபிள் கடைகளில் கிடைக்கிறது. புதிதில் ஓடும். அலுமினியம் செம்பைவிடச் சீக்கிரம் ஒடியும், மின்சாரம் பாய்வதற்கு எதிர்ப்பும் அதிகம். சுவரைப் பூசிய பிறகு அதை மாற்றுவது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பாருங்கள். முழுச் செம்பில் கேட் 5இ என்ற ரகம் போதும், கேட் 6 ரகம் என்றால் இன்னும் நல்லது. கேட்டு வாங்குங்கள்.

கேபிள் சரியாக இருந்தும் 100 காட்டினால் நடுவில் இருக்கும் ஸ்விட்சைத் தேடுங்கள். ஆள் கூடக் கூட, துளை பற்றவில்லை என்று எட்டுத் துளை ஸ்விட்ச் ஒன்று வாங்கிச் சொருகுவார்கள். அதிலிருந்து இன்னொன்று. ஒரு ஆடிட்டர் ஆபீசில் பார்த்தேன், சர்வர் நல்லது, பெரிய ஸ்விட்ச் நல்லது. ஆனால் ஆறு பேர் உட்காரும் அறைக்கு நடுவில் இருந்தது பழைய 100 மெகாபிட் பெட்டி. சாதாரண நாளில் யாருக்கும் தெரியவில்லை. மாதம் 20-ஆம் தேதி நெருங்கி, ஜிஎஸ்டி 3பி என்ற வரிக்கணக்குத் தாக்கல் வேலைக்கு ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்தபோதுதான் எல்லாம் நின்று நின்று போனது. அந்தப் பெட்டியை மாற்றியதோடு சரி.

இதே வகையில் இன்னொரு வினோதம் உண்டு. யாரோ பழைய அட்வைசைக் கேட்டு, ஒரு பக்கம் வேகத்தை 100 ஃபுல் டூப்ளெக்ஸ், அதாவது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம், என்று கையால் நிறுத்தியிருப்பார். எதிர்ப்பக்கம், தானே பேசி முடிவு செய்துகொள்ளும் ஆட்டோவில் இருக்கும். ஆட்டோ பக்கம் வேகத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிடும். ஆனால் எதிரே பதில் பேச ஆளில்லாததால் ஹாஃப் டூப்ளெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம், என்று முடிவு செய்துகொள்ளும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றவரும் பேசுவார், மோதல்தான். பிங் அடித்தால் அழகாக வரும், பெரிய ஃபைல் அனுப்பினால் தவழும். இரண்டு பக்கமும் ஆட்டோவில் விடுங்கள்.

சரி, பெரிய ஃபைல் 110 எம்பியில் வருகிறது, ஆனாலும் வேலை மெதுவாக இருக்கிறது என்றால்? என்ன ஃபைல் என்று பாருங்கள். 500 எம்பி ஒரே ஃபைலாக இருப்பதும், பத்தாயிரம் சின்னப் படங்களாக இருப்பதும் ஒன்றல்ல. மண்டியில் ஒரு லாரி லோடை ஒரே சீட்டில் இறக்குவதற்கும், மூட்டைக்கு மூட்டை தனிச்சீட்டு போட்டு இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, அனுமதி உண்டா, படி, மூடு என்று சர்வரோடு பல முறை பேச வேண்டும். சர்வரில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு ஒரு சுற்று முடிக்கவே எட்டு மில்லி நொடிக்கு மேல் ஆகும். அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்ன ஃபைல்களைத் தேடித் தேடி எடுப்பதில் நேரம் போய்விடும். இந்த இடத்தில், சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். புது சர்வர் தேவையில்லை, டிஸ்க்கை மாற்றினால் போதும்.

சர்வரில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, யாரும் பெரிதாக எதுவும் செய்யாத நேரத்திலும் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா பாருங்கள். நின்றால் பேக்கப் ஓடுகிறதா, ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓடுகிறதா என்று தேடுங்கள். இரவு ஓட வேண்டிய பேக்கப், ராத்திரி சர்வரை அணைத்துவிட்டுப் போவதால் காலை பத்து மணிக்குத் தொடங்கும் ஆபீஸ்கள் இருக்கின்றன. "தினமும் காலையில மட்டும் ஸ்லோ" என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். எதுவும் ஓடவில்லை, ஆனாலும் காப்பி பாதியில் உறைந்து நின்று மறுபடி நகர்கிறது என்றால், டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். அப்போது வேகத்தைப் பற்றிய ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, முதலில் தரவை வேறு இடத்துக்கு எடுங்கள்.

முன்பு தள்ளி வைத்த இன்டர்நெட் மாற்றிய கதைக்கு வருவோம். அதன் அடையாளம் தனி. ஷேர் ஃபோல்டரைத் தட்டினால் அரை நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்துவிட்டால் அப்புறம் வேகமாக ஓடும். இது பெயர் தேடும் பிரச்சினை. சர்வரின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி முகவரியைச் சொல்ல டிஎன்எஸ் வேண்டும். புது ரூட்டர் வைத்தவர் எல்லா சிஸ்டத்துக்கும் வெளி டிஎன்எஸ் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். வெளியில் இருப்பவருக்கு உங்கள் சர்வரின் பெயர் எப்படித் தெரியும்? கேட்டுக் காத்திருந்து, கடைசியில் வேறு வழியில் கண்டுபிடிக்கும். சோதிக்க, பெயருக்குப் பதிலாக சர்வரின் ஐபி எண்ணைப் போட்டுத் திறந்து பாருங்கள். சட்டென்று திறந்தால் டிஎன்எஸ்ஸைத் திருத்துங்கள். ஐபியிலும் அதே தாமதம் என்றால், திஸ் பிசியில், அதாவது பழைய மை கம்ப்யூட்டரில், எப்போதோ எடுத்துப்போட்ட பழைய சர்வரின் ஃபோல்டரைக் காட்டும் மேப் டிரைவ் ஒன்று சிவப்புக் குறியோடு நிற்கலாம். அதை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

வைஃபை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சர்வரில் இருக்கும் டேலி கணக்கை வைஃபையில் வேலை செய்யும் லேப்டாப்பில் திறக்காதீர்கள். கேபிள் சொருகுங்கள்.

இணையத்தில் தேடினால் வேகம் கூட, விண்டோஸில் ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1-ஐ இயக்குங்கள் என்று யாராவது எழுதியிருப்பார்கள். பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேனை ஃபோல்டருக்கு அனுப்பவும் சிலர் அதைத் திறந்து வைக்கிறார்கள். வேண்டாம். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது அந்த எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். அதில் வேகமும் கிடையாது.

இன்னொன்று, சாதாரண விண்டோஸ் 10, 11 சிஸ்டத்தையே சர்வராக வைத்திருப்பவர்களுக்கு. அதில் ஒரே நேரத்தில் 20 கருவிகள்தான் இணைய முடியும். ஆபீஸ் வளர்ந்து, 21-ஆவது ஆளுக்கு மட்டும் "முடியாது" என்று வந்தால் அது கோளாறு இல்லை, வரம்பு. புது சர்வர் வாங்க அது நியாயமான காரணம்.

ஏற்காடு எஸ்டேட்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேலே ஆபீஸ் ஒரு கட்டடம், காபி குடோன் இன்னொரு கட்டடம், நடுவில் சரிவு. செம்பு லேன் கேபிளின் எல்லை 100 மீட்டர். அதைத் தாண்டி இழுத்து, ஓடுகிறதே என்று விட்டிருப்பார்கள். கோடை மழையில் இடி இறங்கினால், கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே போகும் அந்தச் செம்புதான் மின்சாரத்தை இரண்டு பக்கமும் கொண்டு போகும். சில சமயம் ஸ்விட்ச் முழுக்கச் சாகாது. ஒரு துளை மட்டும் 10 மெகாபிட்டுக்கு இறங்கி நிற்கும், நொடிக்கு ஒரு எம்பி. மழைக்கு முன்னால் நன்றாக இருந்தது, மழைக்குப் பிறகு மெதுவாகிவிட்டது என்றால் அந்தத் துளையை விட்டு வேறு துளையில் சொருகிப் பாருங்கள். அடுத்த முறை கட்டடங்களுக்கு நடுவில் ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, நீளமும் பிரச்சினையில்லை, இரண்டு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டர் ஒன்று வைத்தால் போதும். எந்த மின்சாரக் கம்பத்திலும் சேர்த்துக் கட்டாமல், குழாய்க்குள் விட்டு மண்ணில் புதையுங்கள். உலோகக் கம்பியோ கவசமோ இல்லாத ஃபைபராகக் கேளுங்கள். உள்ளே இரும்புக் கம்பி வைத்தது வாங்கினால் இடிக்கு மறுபடி வழி கொடுத்தது போல ஆகிவிடும்.

வணக்கம்.